வயிறு நிறைவது வேறு, பசி அடங்குவது வேறு

எடை குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சோற்றில்தான். இல்லையென்றால் ரொட்டியில், உருளைக்கிழங்கில். முழுத் தாவர உணவுக்கு மாறியவர்களும் இதற்கு விலக்கில்லை. இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் ஏற்கெனவே விட்டாயிற்று. மாவுச்சத்தையும் விட்டுவிட்டால் தட்டில் மிஞ்சுவது வெள்ளரியும் தக்காளியும் முட்டைக்கோஸும்தான்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். மதியத்துக்கு ஒரு பெரிய கிண்ணம் நிறைய நறுக்கிய காய்கறி. தாடை வலிக்க மென்று முடிக்கும்போது வயிறு முட்டியிருக்கும், இன்னொரு வாய் இறங்காது. ஆனால் மூன்றரை மணிக்கெல்லாம் ஒரு பசி கிளம்பும். இன்னும் கொஞ்சம் வெள்ளரி தின்றால் அடங்குகிற பசி இல்லை அது. மேசை இழுப்பறையில் இருக்கும் பிஸ்கட்டைத் தேடிப் போகிற பசி. இரண்டு மட்டும் என்று எடுப்பேன், பொட்டலம் காலியாகும். மதியம் தின்ற 600 கிராம் காய்கறியில் இருந்தது ஏறக்குறைய 150 கலோரி. அந்தப் பிஸ்கட் பொட்டலத்தில் 450. எனக்கு மன உறுதி போதவில்லை என்றே பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் போதாமல் இருந்தது மதியச் சாப்பாடு.

வயிறு நிறைவதையும் பசி அடங்குவதையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். உடம்பு அவற்றைத் தனித்தனியாகக் கவனிக்கிறது. உணவு உள்ளே போய் இரைப்பைச் சுவர் விரியும்போது அங்குள்ள நரம்புகள் மூளைக்குத் தகவல் சொல்கின்றன. இது அளவைப் பொறுத்தது. உள்ளே போனது கீரையா கிழங்கா என்று அந்த நரம்புகள் பார்ப்பதில்லை. இது முதல் செய்தி. உணவு குடலுக்கு இறங்கிச் செரித்து, அதிலிருந்து சர்க்கரையும் புரதமும் பிரியத் தொடங்கியதும் குடல் சில ஹார்மோன்களைச் சுரக்கிறது; ‘சத்து வந்துகொண்டிருக்கிறது, அவசரமில்லை’ என்று மூளைக்குத் தெரிகிறது. இது இரண்டாம் செய்தி. நீரும் நாருமான காய்கறி முதல் செய்தியை நன்றாக அனுப்பும், இரண்டாவதை அனுப்ப அதனிடம் சரக்கு குறைவு. மாவுச்சத்து இரண்டாவதை அனுப்பும். ஆனால் அதை மட்டுமே வைத்து வயிற்றை நிரப்பினால் தேவைக்கு மேல் கலோரி போய்விடும். இரண்டும் ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். மீதி எல்லாம் எவ்வளவுக்கு எவ்வளவு என்ற கணக்கு.

எது எந்தப் பக்கம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காய்கறிக் கூடையில் இருப்பதெல்லாம் இந்தக் கணக்கில் காய்கறி அல்ல. உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, சேனை, வாழைக்காய், சோளம், பச்சைப் பட்டாணி எல்லாம் மாவுச்சத்துப் பக்கம். அரிசி, கோதுமை, ஓட்ஸ், சிறுதானியங்கள் அந்தப் பக்கம் என்பது சொல்லாமலே தெரியும். பருப்பும் பயறும் கொண்டைக்கடலையும்கூட அங்கேதான். ஆனால் அவற்றில் புரதமும் நாரும் நிறைய உண்டு. 100 கிராம் வெந்த மசூர்ப் பருப்பில் 116 கலோரி, 9 கிராம் புரதம், 8 கிராம் நார். அதனால் மாவுச்சத்துப் பங்கில் ஒரு பகுதி எப்போதும் பருப்பு வகையாக இருப்பது நல்லது. தாவர உணவில் புரதத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் இதிலேயே பெரும்பகுதி பதில் கிடைத்துவிடும்.

கீரைகள், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிரக்கோலி, வெண்டை, கத்தரி, பீன்ஸ், சுரை, பூசணி, தக்காளி, வெள்ளரி, காளான், குடைமிளகாய் ஆகியவை காய்கறிப் பக்கம். கேரட்டும் பீட்ரூட்டும் மண்ணுக்கடியில் விளைவதால், இனிப்பதால், கிழங்கோ என்று பலர் பயப்படுகிறார்கள். 100 கிராம் கேரட்டில் 41 கலோரிதான். தயங்காமல் காய்கறிப் பக்கம் வையுங்கள்.

ஒரு தட்டை நான்கு விதமாக நிரப்பிப் பார்ப்போம்

கலோரி அடர்த்தி என்ற ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், உணவுப் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 100 கிராம் உணவுக்குள் எத்தனை கலோரி அடங்கியிருக்கிறது என்பதுதான் அது. வெள்ளரி 15, கீரை 23, முட்டைக்கோஸ் 25, பிரக்கோலி 35. வேகவைத்த உருளைக்கிழங்கு 87, சோறு 130, வெந்த கொண்டைக்கடலை 164. ரொட்டி 250-க்கு மேல். பருப்புக்கொட்டைகள், அதாவது பாதாம், முந்திரி, வேர்க்கடலை போன்றவை, 550 முதல் 650 வரை. எண்ணெய் 884.

ஒரு வேளைக்கு 600 கிராம் உணவு என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்களுக்கு அது வயிறு நிறையும் அளவு. முழுக்கச் சோறாகவே இருந்தால் 780 கலோரி. பாதி சோறு, பாதி காய்கறி என்றால் சோற்றில் 390, காய்கறியில் (100 கிராமுக்குச் சராசரியாக 30 என்று வைத்தால்) 90, ஆக 480. கால் பங்கு சோறு, முக்கால் பங்கு காய்கறி என்றால் 330. முழுக்கக் காய்கறி என்றால் 180. நான்கு தட்டும் ஒரே எடை, இரைப்பை விரிவதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் நடுவே 600 கலோரி இடைவெளி இருக்கிறது.

இந்த நான்கில் தொடங்குவதற்கு ஏற்றது இரண்டாவது. பாதிக்குப் பாதி. 180 கலோரித் தட்டுதான் சீக்கிரம் இளைக்க வைக்கும் என்று தோன்றும். தினமும் மூன்று வேளை அப்படிச் சாப்பிட்டால் நாள் முழுக்க 540 கலோரி. எந்த உடம்பும் அதைச் சும்மா விடாது. ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ பிஸ்கட் பொட்டலம் கேட்கும். காய்கறியை மட்டும் வைத்து 480 கலோரி எட்ட வேண்டுமானால் 1,600 கிராம் தின்றாக வேண்டும். ஒரே வேளையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பெரும்பாலானவர்களால் தின்ன முடியாது.

தட்டில் எப்படி வைப்பது என்பதும் முக்கியம். நான் முதலில் காய்கறியைத்தான் வைக்கிறேன். தட்டின் நடுவே கண்ணால் ஒரு கோடு போட்டு, ஒரு பாதி நிறையும்வரை காய்கறி. அதன் பிறகு மறுபாதியில் சோறோ கிழங்கோ பருப்போ. வரிசையை மாற்றி முதலில் சோற்றைப் போட்டால், மிஞ்சிய இடத்தில் ஒதுங்குகிற தொடுகறியாகக் காய்கறி சுருங்கிவிடுகிறது. வெந்த பிறகுதான் அளக்க வேண்டும். சட்டி நிறையப் போட்ட பசலைக்கீரை ஐந்தே நிமிடத்தில் ஒரு கைப்பிடியாக வற்றிவிடும். பச்சையாகப் பார்த்தபோது இருந்த குவியலை நம்பி ‘நிறையக் காய்கறி சாப்பிட்டேன்’ என்று கணக்கு எழுதக் கூடாது. கீரை சமைக்கிற நாளில் கூடவே கெட்டியான இன்னொரு காயும் இருக்கட்டும்.

முதலில் காய்கறியைச் சாப்பிட்டுவிட்டு மற்றதற்குப் போவதும் உதவும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் இதைச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். மதிய உணவுக்கு முன் கலோரி குறைந்த சாலட்டைப் பெரிய அளவில் சாப்பிட்டவர்கள், சாலட்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோதே அந்த வேளையில் 12 சதவீதம் குறைவான கலோரி எடுத்திருந்தார்கள். அதே ஆய்வில் கொழுப்பான கலவை ஊற்றிய சாலட்டைப் பெரிய அளவில் சாப்பிட்டபோது மொத்தக் கலோரி 17 சதவீதம் கூடிவிட்டது. இரண்டுமே சாலட்தான்!

எண்ணெய், மாவு: கணக்கைக் கெடுக்கும் இரண்டு

பாதிக்குப் பாதி வைத்தும் எடை இறங்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எண்ணெயைப் பற்றித்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. 300 கிராம் காய்கறியில் இருப்பது 90. அதாவது ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி வதக்கினால், தட்டின் பாதியை அடைத்திருக்கும் காய்கறியை விட அந்த எண்ணெயில் கலோரி அதிகம். ஒரு நாள் வழக்கம்போலப் போத்தலைச் சாய்த்து வாணலியில் ஊற்றியபோது சந்தேகம் வந்து, அதைத் திரும்பக் கிண்ணத்தில் வடித்துக் கரண்டியால் அளந்தேன். மூன்று மேசைக்கரண்டி இருந்தது. 360 கலோரி. அன்று தட்டில் வைத்த உருளைக்கிழங்கில் இருந்ததை விட அதிகம். எண்ணெய் வயிற்றில் இடமும் பிடிக்காது, மெல்லும் வேலையும் வைக்காது. அன்றிலிருந்து போத்தலிலிருந்து நேராக ஊற்றுவதில்லை.

எண்ணெய் இல்லாமல் வதக்க முடியும். வாணலி நன்றாகச் சூடானதும் வெங்காயத்தைப் போட்டுக் கிளறாமல் விடுங்கள். அடியில் பழுப்பாகப் பிடிக்கத் தொடங்கும்போது இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவி எழும். அந்தப் பழுப்பைச் சுரண்டி வெங்காயத்தோடு சேர்த்துவிடுங்கள். வற்றியதும் மறுபடி பிடிக்க விட்டு, மறுபடி தெளித்து, மூன்று முறை செய்தால் வெங்காயம் பொன்னிறமாகிவிடும். சுவை பெரும்பாலும் அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. முற்றிலும் எண்ணெயை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தேக்கரண்டி போதும் என்றால் அதை அளந்து ஊற்றுங்கள். பருப்புக்கொட்டைகளுக்கும் இதே பேச்சுத்தான். நல்ல உணவு, ஆனால் ஒரு நாளைக்கு ஒரு சிறு கைப்பிடி.

அடுத்தது மாவு. ஒரே கோதுமை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வேகவைத்த பாஸ்தாவாக 100 கிராமுக்கு 150 கலோரி சுமார். ரொட்டியாக 250. பிஸ்கட்டாக 450-க்கு மேல். தண்ணீர் வெளியேற வெளியேற அடர்த்தி ஏறுகிறது. பிஸ்கட்டில் கொழுப்பும் சர்க்கரையும் வேறு சேர்கின்றன. மாவாக அரைத்தது வேகமாகவும் செரிக்கும். முழுத் தானியத்தையோ கிழங்கையோ மெல்லவும் செரிக்கவும் நேரம் பிடிக்கிறது. மாவுச்சத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் பெரும்பங்கு இந்த உலர்ந்த, எண்ணெய் கலந்த மாவுப் பண்டங்களுக்குத்தான் என்பது என் எண்ணம். பழி விழுந்தது கிழங்கின் மேலும் சோற்றின் மேலும்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. அரிசிப் பையில் 100 கிராமுக்கு 360 கலோரி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அது வேகாத அரிசியின் கணக்கு. வெந்தால் அந்த 100 கிராம் தண்ணீரை உறிஞ்சி 300 கிராம் அளவுக்குச் சோறாகிறது. ஓட்ஸுக்கும் பருப்புக்கும் இப்படித்தான். சமைத்த எடைக்குச் சமைத்த கணக்கு, உலர்ந்த எடைக்கு உலர்ந்த கணக்கு.

உருளைக்கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் பரிந்து பேசியாக வேண்டும். 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 240 கலோரி வருமாறு அளந்து கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்துக்கொண்டால், வேகவைத்த உருளைக்கிழங்குக்குக் கிடைத்த மதிப்பெண் 323. அத்தனை உணவுகளிலும் அதுதான் முதலிடம். வெண்ணெய் மடித்துச் சுட்ட குரோசான் 47-உடன் கடைசி. எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் தள்ளி வைக்கிற உணவு, அதே கலோரிக்கு அதிக நேரம் பசி தாங்க வைக்கிறது. ஆனால் இது வேகவைத்த கிழங்குக்கு. பொரித்த கிழங்கு எண்ணெயின் கணக்கில் சேரும்.

மாவுச்சத்தை விட்டதும் இரண்டு கிலோ இறங்கியதே?

இறங்கும். உண்மைதான். நம் உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் அரைக் கிலோ அளவுக்குச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது, முதல் வாரத்திலேயே தராசு இறங்கிக் காட்டுகிறது. அது கொழுப்பு இல்லை. மறுபடி சோறு சாப்பிட்ட அடுத்த நாளே அந்தத் தண்ணீர் திரும்ப வரத் தொடங்கும்; ‘ஒரு நாள் சோறு தின்றேன், ஒரு கிலோ ஏறிவிட்டது’ என்று மனம் நொந்துபோகிறோம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த, மாவுச்சத்து மிகுந்த தாவர உணவும், இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, விலங்கு உணவு சார்ந்த கீட்டோ உணவும் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். தாவர உணவில் இருந்தபோது அவர்கள் நாளொன்றுக்கு சராசரியாக 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள், அதுவும் கூடுதல் பசி என்று சொல்லாமலே. கீட்டோ வாரங்களிலும் எடை இறங்கியது. ஆனால் உடம்பின் கொழுப்பு குறிப்பிடும்படி குறைந்தது தாவர உணவில்தான். நான்கு வார ஆய்வு என்பதால் அதற்கு மேல் அதிலிருந்து எதையும் இழுக்கக் கூடாது. மாவுச்சத்து சாப்பிட்டாலே எடை ஏறும் என்ற பயத்தைப் போக்க இது போதும்.

பங்கை எப்போது மாற்றுவது?

பாதிக்குப் பாதி என்பது தொடக்கம் மட்டுமே. மூன்று வாரமாவது அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். எடையைத் தினமும் காலையில் பார்த்தாலும், வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். தண்ணீரும் உப்பும் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் காட்டும். இறங்குகிறது, பசியும் இல்லை என்றால் எதையும் தொட வேண்டாம். இறங்கவில்லை என்றால் முதலில் எண்ணெய், கொட்டைகள், மாவுப் பண்டங்கள், இனிப்புப் பானங்கள் இவற்றைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். அவையெல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், அப்புறம் மாவுச்சத்தை ஐந்தில் இரண்டு பங்காகக் குறைத்து காய்கறியை மூன்று பங்காக்குங்கள். ஒரேயடியாகக் கால் பங்குக்குப் போக வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது, இரவில் தூக்கம் கெடுகிறது, இனிப்பைக் கண்டால் மனம் தாவுகிறது, உடற்பயிற்சியில் கால் ஓய்கிறது என்றால் மாவுச்சத்து போதவில்லை. அடுத்த வேளை ஒரு கிழங்கு கூடுதலாக வையுங்கள். உடல் உழைப்பு அதிகமுள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தாகவே இருக்கலாம். அவர்களுக்கு அது செலவாகிவிடும்.

இதுவரை நார் குறைவாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் திடீரென்று பருப்பும் முட்டைக்கோஸுமாக மாறினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். முழுத் தாவர உணவில் பி12 வைட்டமின் நம்பும்படியாகக் கிடைக்காது. அதற்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். மாவுச்சத்தின் அளவு மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டிவரும், இல்லாவிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கிழங்கிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் கணக்கு வேறு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைப்பை இப்போதைக்கு ஒத்தி வைக்கலாம்.

என் மதியத் தட்டு இப்போது இப்படி இருக்கிறது. ஒரு பாதியில் தண்ணீர் தெளித்து வதக்கிய முட்டைக்கோஸும் பீன்ஸும், மேலே எலுமிச்சைச் சாறு. மறுபாதியில் தோலோடு வேகவைத்த இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கரண்டி வெந்த பருப்பு. மூன்றரை மணிக்கு இழுப்பறை நினைவே வருவதில்லை. இரவுச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போதுதான் மெதுவாகப் பசிக்கிறது.